அலெக்ஸிஸ் காரெல்

மக்கள் உடம்பினுள் அமைந்த கருவிகளுள் ஈரலைப்போல் பல தொழில்களை ஒருங்கே ஆற்றுவன சிலவே. உண்ட உணவின் சாரத்தைப் பக்குவப்படுத்துவதும், பித்தநீரைச் சுரப்பதும், இரத்தத்திற் கலந்த நஞ்சை மாற்றுவதும் அதன் பணிகளாம். அஃது அடியோடு கெட்டவிடத்து மருந்தினாற் பயனில்லை. பிறரொருவருடைய நல்ல ஈரலைப் பெற்றுப் பொருத்தித் தைத்தலே உயிர் காக்கும் வழி. இவ்வரிய சிகிச்சை இன்று பல தேசங்களில் நடைபெறுகின்றது. ஆயினும், இறந்தோரின் சுற்றத்தார் துயரத்தினிடையே மனமுவந்து கொடுக்கும் ஈரல்களுள் பல, கொழுப்பு மிக்கவை என்றும், இரத்த ஓட்டமின்றி நெடுநேரம் கிடந்தவை என்றும், முதியோருடையவை என்றும் வைத்தியர்களால் விலக்கப்பட்டு வந்தன. அங்ஙனம் விலக்கப்பட்டவற்றை யந்திரத்தில் ஏற்றி, இரத்தமும் பிராணவாயுவும் ஊட்டி, உழைக்க வல்லனவோ என்று சோதித்து, தக்கவற்றை நோயாளிக்குப் பொருத்தும் முறை இந்த நூற்றாண்டில் தோன்றியுள்ளது.

இம்முறையின் ஊற்றை நாடிச் செல்வோர், பிரான்சு தேசத்து இரண வைத்தியராகிய அலெக்ஸிஸ் காரெல் என்பாரிடம் வந்து சேர்வர். அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அவருடைய வாழ்க்கை வியக்கத்தக்கது, வருந்தத்தக்கதும் ஆம். யாம் தமிழ் பயிலும் மாணவர். வைத்திய நூலிற் புலமை உடையேம் அல்லேம். ஆயினும், இவ்வாழ்க்கையில் வைத்தியர்க்கு மட்டுமன்றி எல்லா மாணவர்க்கும் பயன்படும் பாடம் ஒன்று உளதெனக் கண்டு, இதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இளமை

காரெல் 1873-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ஆம் தேதி லியோன் மாநகரை அடுத்த சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். லியோன், பட்டு நெசவிற்கும் நுண்ணிய பூவேலைக்கும் பேர்போன நகரம். அவருடைய தந்தையாரும் நெசவுத் தொழிலைச் சார்ந்த வணிகரே. மகனுக்கு ஐந்து வயது நடக்கும்போதே தந்தையார் காலமானார். பெற்றோர் முதலில் இட்ட பெயர் வேறாயினும், இறந்த தந்தையின் பெயராகிய அலெக்ஸிஸ் என்பதையே பிள்ளை தனக்குரியதாக மேற்கொண்டான். தாயாரின் அரவணைப்பில் வளர்ந்து, இயேசு சபைக் குருமார் நடத்திய பள்ளியிற் பயின்று, பின் லியோன் சர்வகலாசாலையில் வைத்தியக் கல்வி கற்கத் தலைப்பட்டார்.

ஒரு கொலையும் ஒரு கேள்வியும்

1894-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24-ஆம் தேதி பிரான்சுக் குடியரசின் தலைவர் ஸாதி கார்னோ லியோன் நகருக்கு எழுந்தருளினார். ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்த அவரை, அரசு என்பதே வேண்டா என்னுங் கொள்கையுடைய இத்தாலிய இளைஞன் ஒருவன் கத்தியாற் குத்தினான். கத்தி ஈரலிற் பாய்ந்து, குடலினின்று ஈரலுக்கு இரத்தத்தைக் கொண்டு சேர்க்கும் பெரிய சிரையைத் துண்டித்துவிட்டது. நகரத்தின் தலைசிறந்த வைத்தியர்கள் விரைந்து வந்து வயிற்றைத் திறந்தனர். எனினும், அறுந்த குழாயை மீண்டும் இணைக்கும் வழி அக்காலத்தில் யாருக்கும் கைவரவில்லை. நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் தலைவர் உயிர் துறந்தார்.

அப்பொழுது காரெலுக்கு வயது 20. அத்தகைய காயம் மனிதர் கைக்கு எட்டாதது என்று பெரியோர் அமைதியுற்றனர்; இம்மாணவர் மட்டும் அமைதியுறவில்லை. கிழிந்த துணியைத் தைக்கலாமெனில், கிழிந்த இரத்தக் குழாயை ஏன் தைக்கலாகாது என்னும் எண்ணம் அவர் நெஞ்சிற் குடிகொண்டது. தையலிற் பெரிய இடர்கள் மூன்று இருந்தன. தைத்தவிடம் சுருங்கிக் குழாய் குறுகிவிடும். ஊசித் துளை வழியே இரத்தம் கசியும். குழாயின் உட்பக்கத்து மெல்லிய தோல் சிதைந்தால் ஆங்கு இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

இவற்றை வெல்லும் வழியை அவர் வைத்திய நூல்களில் தேடியதோடு அமையவில்லை. தம் நகரத்துப் பூவேலைக்காரர்களிடம் சென்றார். லெருதியே அம்மையார் என்னும் கைதேர்ந்த பெண்மணியிடம் ஊசி பிடிக்கும் நுட்பத்தைக் கற்றார் என்பர். மயிரினும் நுண்ணிய பட்டு நூலையும் மிக மெல்லிய ஊசியையும் தேர்ந்து, அவற்றிற்கு வாசலைன் பூசித் துளையிற் கசிவு நேராதவாறு செய்தார். வட்டமான குழாயின் வாயைத் தைக்க அவர் கண்ட உபாயம் பள்ளிச் சிறாருக்கும் விளங்கும் எளிமையுடையது. வாயின் விளிம்பில் சம தூரத்தில் மூன்று இடங்களில் நூலைக் கோத்து மூன்று திசையிலும் மெல்ல இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். வளைந்த விளிம்பு மூன்று நேர்கோடுகள் ஆகும். நேர்கோட்டைத் தைப்பது எளிது, எதிர்ப்பக்கத்துச் சுவரில் ஊசி தவறிப் படுவதும் இல்லை, குழாயும் குறுகுவதில்லை. இம்முறையை அவர் 1902-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒருவருடைய ஈரலை மற்றொருவருக்குப் பொருத்தும்போது குழாய்களை இணைக்கும் தையற் கலை இவ்வடிப்படையினின்று வளர்ந்ததே.

நாடு துறத்தல்

அதே 1902-ஆம் ஆண்டில், நோயாளிகள் பிரார்த்தனை செய்யச் செல்லும் லூர்து என்னும் தலத்திற்குக் காரெல் வைத்தியராக உடன் சென்றார். வழியில் இறந்துவிடுவாளோ என்று அஞ்சத்தக்க நிலையிலிருந்த இளம்பெண் ஒருத்தி அங்கே நலமடைந்ததைத் தம் கண்ணாரக் கண்டார். கண்டதை மறைத்தல் அறிவியலுக்கு அடாது என்று கருதி அதனை வெளிப்படுத்தினார். வைத்தியருலகம் அவரை எள்ளியது. ஐயத்தோடு பேசினார் என்று சமயத்தாரும் முகஞ் சுளித்தனர். லியோன் வைத்தியசாலையில் அவர் விரும்பிய பதவி கிட்டவில்லை. 1904-இல் தாய்நாட்டை விட்டுக் கனடா சென்று, அங்கிருந்து அமெரிக்காவின் சிகாகோ நகரை அடைந்தார்.

சிகாகோவில் சார்லஸ் கத்ரி என்னும் அறிஞரோடு கூடி உழைத்த காலம் மிகச் செழிப்பானது. 1906-இல் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையம் அவரை வரவேற்றது. ஆங்கு அவரும் அவருடைய துணைவர்களும் கறுப்பு அங்கியே அணிந்து சத்திர சிகிச்சை செய்வது வழக்கம். 1908-இல் வைத்தியர் ஒருவருடைய பச்சிளங் குழந்தை இரத்தப் பெருக்கினால் இறக்குந் தறுவாயிலிருந்தபோது, தந்தையின் கை நாடியைக் குழந்தையின் காற் சிரையோடு தைத்து இணைத்து, தந்தையின் இரத்தம் குழந்தைக்குப் பாயுமாறு செய்தார். வெளிறிய குழந்தை செந்நிறம் பெற்றுப் பிழைத்தது.

ஒரு நாயின் சிறுநீரகத்தை வெளியே எடுத்து அந்நாய்க்கே மீண்டும் தைத்தால் அது நெடுங்காலம் உழைப்பதையும், வேறொரு நாயினுடையதைத் தைத்தால் சின்னாளிற் கெடுவதையும் காரெல் கண்டார். தையலிற் குற்றமில்லை, உடம்பே அயலுறுப்பை ஏற்க மறுக்கின்றது என்று அவர் உணர்ந்தார். அம்மறுப்பை அடக்கும் மருந்துகள் பல ஆண்டுகள் கழித்தே தோன்றின. இரத்தக் குழாய்களைக் குளிரில் வைத்துக் காத்து, பின்னர்ப் பொருத்தும் சோதனைகளையும் அவர் செய்தார். இவற்றுக்காக 1912-ஆம் ஆண்டில் வைத்தியத்திற்குரிய நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது 39.

உடம்பிற்கு வெளியே உயிர்

1912-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கோழிக் கருவின் இருதயத்தினின்று ஒரு சிறு துணுக்கை எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் இட்டு, ஊட்டநீர் மாற்றி மாற்றிக் கொடுத்து வளர்க்கத் தொடங்கினார் காரெல். அவ்வளர்ப்பு அவர் இறந்த பின்னும் தொடர்ந்து, 34 ஆண்டுகள் நடைபெற்றது. உடம்பின் அணுக்களுக்கு இயல்பாகச் சாவில்லை என்று உலகம் நம்பியது. ஆனால், சாதாரண அணுக்கள் குறித்த அளவே பிரிந்து பெருகும் என்பதை ஹேப்லிக், மூர்ஹெட் என்னும் இருவர் 1961-இல் காட்டினர். ஊட்டநீரோடு புதிய அணுக்கள் கலந்திருக்கலாம் என்று பின்வந்தோர் கருதினர்.

இடையே மூண்ட முதல் உலகப் போரில் காரெல் பிரான்சுக்குத் திரும்பி, ஹென்றி டேகின் என்னும் இரசாயன அறிஞரோடு கூடிப் புண்களைக் கழுவும் முறையொன்றை வகுத்தார். சீழ்பிடித்த புண்ணால் கைகால் இழக்கவும் உயிர் துறக்கவும் இருந்த போர்வீரர் பலர் அதனாற் பிழைத்தனர்.

1930-ஆம் ஆண்டில் அவரைக் காண ஓர் இளைஞர் வந்தார். அவர், அட்லாண்டிக் மாகடலை 1927-இல் தன்னந்தனியே விமானத்திற் கடந்து உலகப் புகழ் பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க். அவருடைய மனைவியின் தமக்கையார் இருதய நோயால் வருந்தினார். இருதயத்தை நிறுத்திச் செப்பனிடும் வரையில் இரத்தத்தைச் சுற்றோட்ட ஒரு யந்திரம் ஏன் கூடாது என்பது அவருடைய வினா. விமானியும் வைத்தியரும் நண்பராயினர். உறுப்புக்கு ஊட்டநீரைச் செலுத்தும் கருவிகள் முன்னரும் இருந்தன. ஆயின், கிருமி புகுந்து உறுப்பு அழுகிவிடும். லிண்ட்பெர்க் பல ஆண்டு உழைத்து, முழுதும் கண்ணாடியாலாகிய கருவியொன்றைச் சமைத்தார். நாடித் துடிப்பைப்போல விட்டு விட்டு அழுத்தும் வாயுவின் வலியால், பிராணவாயு கலந்த ஊட்டநீர் உறுப்பின் குழாய்களினூடே பாய்ந்து, வடிந்து, மீண்டும் மேலேறும். கிருமி புக வழியில்லை. 1935-இல் பூனையின் தொண்டைச் சுரப்பி ஒன்று அதனுள் பல நாட்கள் உயிரோடிருந்தது. அவ்விருவரும் 1938-இல் உறுப்புக்களை வளர்த்தலைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டனர். உடம்பினின்று பிரிந்த உறுப்பு பிணமன்று. ஊட்டுவாரும் காப்பாரும் உளராயின் அது வாழும் என்பதே அவர்கள் உலகிற்குக் காட்டிய உண்மை.

இருண்ட பக்கம்

இத்துணையும் எழுதி முடித்துவிட்டால் எம் பணி எளிதாகும். ஆயின் அஃது உண்மையாகாது. பூனையின் சுரப்பி உழைத்த அதே 1935-ஆம் ஆண்டில், மனிதனைப் பற்றிய நூலொன்றைக் காரெல் வெளியிட்டார். அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு மிகுதியாக விற்பனையாயிற்று. அதன்கண், உடலும் உள்ளமும் உரம்பெற்ற குலங்களைப் பேணிப் பெருக்க வேண்டும் என்றும், கொடிய குற்றவாளிகளையும் குற்றஞ்செய்த பித்தர்களையும் அதற்கென அமைத்த சிறு நிலையங்களில் நச்சு வாயுவால் முடித்துவிடலாம் என்றும் எழுதினார். 1936-இல் வந்த ஜெர்மானியப் பதிப்பின் முன்னுரையில், அந்நாட்டு அரசு குறையுடையோர் பெருகாவண்ணம் எடுத்த நடவடிக்கைகளைப் பாராட்டினார். அவ்வரசு சில ஆண்டுகளில் நோயுற்ற மக்களை ஆயிரக்கணக்கில் நச்சு வாயுவால் மாய்த்த வரலாற்றை நாம் அறிவோம்.

1939-இல் ராக்பெல்லர் நிலையத்தினின்று ஓய்வு பெற்று, போர்க்காலத்தில் பிரான்சுக்கு மீண்டார். ஜெர்மானியர்க்குப் பணிந்து நடந்த விஷி அரசின் ஆதரவில், 1941-இல் மனிதப் பிரச்சினைகளை ஆராயும் நிலையமொன்றை நிறுவி அதன் தலைவராயினார். 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை பெற்றதும் அப்பதவியினின்று நீக்கப்பட்டார். பகைவரோடு ஒத்துழைத்தார் என்னும் பழி அவர்மேற் சுமத்தப்பட்டது. விசாரணை நிகழுமுன் நவம்பர் 5-ஆம் தேதி, இருதய நோயால் உயிர் நீத்தார். லியோன் நகரத்து வைத்தியக் கல்லூரி ஒன்று பிற்காலத்தில் அவர் பெயரைத் தாங்கி நின்றது. 1996-இல் அப்பெயரும் மாற்றப்பட்டது.

லூர்து தலத்தில், வைத்தியம் கைவிட்ட பெண்ணின் படுக்கையருகே நின்று வியந்தவர் இவர். பிரார்த்தனையைப் பற்றி உருக்கமான சிறு நூல் எழுதியவரும் இவரே. அத்தகையவர் எளியோரையும் நோயுற்றோரையும் இங்ஙனம் எடைபோட்டது எவ்வாறு என்று எண்ணுந்தோறும் எம் உள்ளம் திகைக்கின்றது.

விலக்கப்பட்டவை உழைத்த கதை

காரெலின் காலத்திற்குப் பின், 1963-இல் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் முதன்முதலாக மனிதருக்கு ஈரலை மாற்றிப் பொருத்த முயன்றார். 1967-இல் நோயாளி நீடித்து வாழக் கண்டார். எடுத்த ஈரலைப் பனிக்கட்டியிற் குளிரவைத்துக் கொண்டு செல்வதே எளிய வழியாயிற்று. குளிரில் உறுப்பின் தொழில் அடங்குவதால் அது விரைவிற் கெடுவதில்லை. ஆயினும் உறங்கும் உறுப்பு உழைக்குமா என்பதை அறிய இயலாது. அதனாலேயே ஐயத்திற்கிடமான ஈரல்களை வைத்தியர் விலக்கினர். உழைக்காத ஈரலைப் பொருத்தினால் நோயாளி இறப்பார். ஆதலின் அவர்களைக் குறை கூறுதற்கில்லை.

பெல்ஸர் என்பார் 1967-இல் நாயின் சிறுநீரகத்தை 3 நாட்கள் யந்திரத்திற் காத்துக் காட்டினார். ஈரலுக்கு அவ்வழி எளிதில் அமையவில்லை. ஏனெனில் ஈரலுக்கு நாடி வழியாகவும் சிரை வழியாகவும் இருவகையில் இரத்தம் செல்லுகின்றது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் சமைத்த யந்திரத்தில், ஈரல் உடம்பின் வெம்மையாகிய 37 டிகிரியிலேயே இருக்கும். சிவப்பணுக்கள் பிராணவாயுவைக் கொணரும். ஊட்டப்பொருளும் உடன் செல்லும். 220 ஈரல் மாற்றுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட சோதனையில், பனியிற் காத்தவற்றைக் காட்டிலும் யந்திரத்திற் காத்தவற்றுள் விலக்கப்பட்டவை பாதியளவாகக் குறைந்தன.

பர்மிங்ஹாம் நகரத்தார் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். அந்நாட்டு மாற்று நிலையங்கள் எல்லாம் வேண்டா என்று தள்ளிய 31 ஈரல்களை எடுத்து யந்திரத்தில் ஏற்றினர். இரத்தத்திற் சேர்ந்த புளிப்புப்பொருளை ஈரல் நீக்குகின்றதா, பித்தநீர் சுரக்கின்றதா, இரத்தம் தடையின்றி ஓடுகின்றதா என்று சில மணி நேரம் பார்த்தனர். 22 ஈரல்கள் தேறின. அவற்றைப் பெற்ற 22 பேரும் 90 நாட்களின் பின் உயிரோடிருந்தனர். எஞ்சிய 9 தேறவில்லை. பெற்றவருள்ளும் 4 பேருக்குப் பித்தக் குழாய் குறுகியதால் மீண்டும் மாற்றுச் சிகிச்சை வேண்டியதாயிற்று. 2020-இல் வெளிவந்த இம்முடிவை அவர்கள் மறைக்கவுமில்லை, மிகைப்படுத்தவுமில்லை. சுரிச் நகரில் 2021-இல், பிற நிலையங்கள் ஏற்க மறுத்த ஈரலொன்று 3 நாட்கள் யந்திரத்திற் காக்கப்பட்டு ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது; அவர் நலமுற்று வீடு திரும்பினார்.

முடிவுரை

குணத்தையும் குற்றத்தையும் நாடி மிகுந்ததைக் கொள்ளுமாறு வள்ளுவனார் நமக்கு அறிவுறுத்தினார். காரெலின் திறத்தில் அத்துலாக்கோல் எப்பக்கஞ் சாயும் என்று தீர்ப்புக் கூற யாம் வல்லேம் அல்லேம். அவருடைய தையலால் உயிர் பெற்றோர் எண்ணிறந்தோர். அதற்கு நன்றி கூறாதிருத்தல் தகாது. அவருடைய எழுத்துத் தீயோர்க்குத் துணையாயிற்று. அதனை மூடி மறைத்தலும் தகாது. ஆனால் ஒன்று மட்டும் எமக்குத் தெளிவாகத் தோன்றுகின்றது. ஓர் உறுப்பை இறந்தது என்று முடிவு செய்யுமுன் அதற்கு வெம்மையும் ஊட்டமும் காலமும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று உலகிற்குக் கற்பித்தவர் காரெல். பூனையின் சுரப்பிக்கு அவர் காட்டிய அப்பொறுமையை, பித்தர் என்றும் குற்றவாளி என்றும் தாம் ஒதுக்கிய மனிதர்க்குக் காட்டினாரில்லை. அவருடைய அறிவு கண்ட உண்மையை அவருடைய நெஞ்சம் கற்கவில்லை.

மாணவத் தோழர்களே! நம்முட் சிலர் நாளை வைத்தியராவர், சிலர் ஆசிரியராவர், சிலர் நியாயாதிபதிகளாகவும் அதிகாரிகளாகவும் அமர்வர். இவன் மந்தன், இவள் உதவாள், இவர் தேறார் என்று தீர்ப்பிடும் பொறுப்பு நம் கைக்கு வரும். புறத்தோற்றங் கண்டு தள்ளப்பட்ட 31 ஈரல்களுள் 22 உழைக்கவல்லனவாய் இருந்தன என்பதை அப்பொழுது நினைவிற் கொள்வோமாக. தேறாதவற்றைத் தேறின என்று சொல்லுமாறு யாம் வேண்டவில்லை. தள்ளுமுன் ஊட்டிப் பார்த்தோமா என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம். காரெலின் கையில் இருந்த கலையோடு, அவர் நெஞ்சில் இல்லாதிருந்த இரக்கத்தையும் சேர்த்துப் பெறுவோமாயின், அவர் வாழ்க்கையைக் கற்றதன் பயனை நாம் முழுதும் அடைந்தவராவோம்.